கல் ஆறு

மாசி முடிந்தால் பீலியில் தண்ணீர்
நூலாகிவிடும்.
ஒரு குடம் நிறைவதற்குள்
பிலோமினா தன் மருமகனின் குவைத் கதையை
இரண்டு தரம் சொல்லிவிடுவாள்.

அந்தக் கிழமைதான்
நுவரெலியா ஹோட்டலில்
சீசனுக்குத் தோட்டம் போட ஆள் எடுத்தார்கள்.
நாட்சம்பளம், பகல் சாப்பாடு.
பூட்ஸ் அவர்களுடையது.
சீட்டில் யோகமலர் என்று எழுதவில்லை,
கார்டன் நாலு என்று எழுதினார்கள்.

கொழும்பிலிருந்து பிளான் வந்தது
குழாய்க்குள் சுருண்டு, காரில் உட்கார்ந்து.
விரித்துப் பிடிக்க நாலு பேர் வேண்டும்.
நான் வடகிழக்கு மூலை.
என் கட்டைவிரலுக்குக் கீழே பச்சை வட்டங்கள்,
டேலியாவாம்.
நடுவில் நெளிந்து போனது
ஒரு சாம்பல் கோடு.

"அது ஆறு," என்றாள் மிஸ் தினிதி.
"தண்ணி எங்கருந்து மிஸ்?"
"தண்ணி இல்லை அக்கா. கல்லு மட்டும்.
காய்ந்த ஆறு. பார்க்கிறதுக்கு."

எங்கள் லயத்துக்குக் கீழேயும் ஒன்று கிடக்கிறது,
பிளான் இல்லாமலே காய்ந்தது.
சொல்லவில்லை.
பூட்ஸ் புதுசு.

இரண்டு லொறியில் வெள்ளைக் கல் இறங்கியது.
கழுவி வை என்றார்கள்.
குழாயைத் திறந்துவிட்டு
இரண்டு நாள் கல்லைக் குளிப்பாட்டினோம்.
முதல் நாள் எனக்குக் கை வரவில்லை.
இரண்டாம் நாள் வந்தது.
அதைத்தான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் புல்தரைக்கு அடியில்
ஒரு காலத்தில் தேயிலை மலை.
தேயிலை இருந்தால் கான் இருக்கும்.
தூர்ந்திருக்கும், மறைந்திருக்கும்,
ஆனாலும் மண் தன் வளைவை விடாது.
பதினேழு வருசம் கூடையோடு கான் தாண்டிய கால்
அதைக் கண்டுபிடித்துவிடும்:
பாதம் ஒரு விரல் இறங்கும் இடம்.
பூட்ஸைக் கழற்றிவிட்டு நடந்தேன்.
சாம்பல் கோட்டிலிருந்து
இரண்டு பாகம் தள்ளி இறங்கியது.

கல்லை அங்கே அடுக்கினேன்.

பிளானையும் தரையையும்
மாறி மாறிப் பார்த்தாள் மிஸ் தினிதி.
"கோடு பிழை அக்கா."
"கல்லு அங்கதான் நிக்குது மிஸ்."
அவளுக்குக் கோபம். எனக்குப் பயம்.
ஆனால் வெள்ளிக்கிழமை ஆட்கள் வருகிறார்கள்,
பெட்டூனியா இன்னும் அறுநூறு நட வேண்டும்,
அதனால் ஆறு
இருந்த இடத்தில் இருந்தது.

சித்திரை பிறக்க நாலு நாள்.
மூன்று மணிக்கு இடி.
பிதுருதலாகலை காணாமல் போனது.
பெட்டூனியா பாத்தி கரைந்து
பாதை முழுவதும் ஊதாச் சேறு.
புல்தரைத் தண்ணீர் ஒரு கணம் தயங்கியது.
பிறகு ஞாபகம் வந்தது போல
கல்லுக்குள் இறங்கியது.

ஓடியது.
பழுப்பு நிறத்தில், சத்தத்தோடு,
யூகலிப்டஸ் இலைகளைத் தள்ளிக்கொண்டு ஓடியது.
குடையோடு வந்து வீடியோ எடுத்தார்கள்.
மிஸ் தினிதி செருப்பைக் கையில் பிடித்தபடி
விறாந்தையில் நின்றாள்.
ஏதோ சொன்னாள், இடியில்
"அனே" மட்டும் கேட்டது.

அந்த ஒரு மழைதான்.
பிறகு பத்து நாள் வெயில்.
சம்பளம் எண்ணி வாங்கி
பூட்ஸைக் கழுவிக் கொடுத்துவிட்டு வந்தேன்.
கூடவே வந்தது ஒரு வெள்ளைக் கல்,
மடியில், யாரையும் கேட்காமல்.

எங்கள் ஏழு பேர்ச்சில்
வீடு போக மிஞ்சியது ஒரு சரிவு.
சட்டி கழுவிய தண்ணீர் அதில்
கண்டபடி ஓடிக்கொண்டிருந்தது.
மண்வெட்டியால் ஒரு கான் இழுத்தேன்.
அளவு இல்லை, பென்சில் இல்லை,
மரத்தக்காளியைச் சுற்றி ஒரு வளைவு,
அவ்வளவுதான் டிசைன்.

வேலியடியில் கான் இரண்டாகப் பிரியும்.
அங்கே அந்தக் கல்.
இந்தப் பக்கம் உருட்டினால் என் போஞ்சி,
அந்தப் பக்கம் உருட்டினால் பிலோமினாவின் நோக்கோல்.
இன்றைக்கு அவள் முறை.
இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டாள்,
நான் ஏமாற்றுகிறேனா என்று.

கல் கறுத்துப் போயிருக்கிறது,
ஒரு பக்கம் பாசியும் பிடித்திருக்கிறது.
கழுவவில்லை.